லோன்ஷான் குதிரையும் இருபது யூரோவும்

அக்டோபர் முதல் ஞாயிறு நெருங்கினால், பாரீசில் பிள்ளைகளோடு போய்த் தங்கியிருக்கும் நம்மூர்க்காரர்கள் சிலரிடமிருந்து எனக்கு ஒரே மாதிரியான கேள்வி வரும். "பேரன் லோன்ஷானுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறான். பெரிய குதிரைப் பந்தயமாம். சும்மா பார்த்துவிட்டு வரலாமா, இல்லை ஏதாவது கட்டிப் பார்க்கலாமா? கட்டினால் எப்படிக் கட்டுவது?" கேட்பவர்கள் எல்லாரும் எழுபதைத் தொட்டவர்கள். வாழ்நாளில் சீட்டாட்டத்தைக்கூடக் காசு வைத்து ஆடாதவர்கள். அந்த ஊர்க் கூட்டத்தையும் கொண்டாட்டத்தையும் பார்த்ததும் கை குறுகுறுக்கிறது. அது இயற்கைதான்.

இந்தக் கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள்தான் புழங்குகின்றன. ஒன்று, "சூது, தொடாதே" என்பது. மற்றது, "ஏழாம் நம்பர் குதிரை, கண்ணை மூடிக்கொண்டு கட்டு" என்பது. முதல் பதிலைச் சொல்பவர் பந்தயத்தைப் பார்த்ததில்லை. இரண்டாவது பதிலைச் சொல்பவர் கணக்குப் பார்த்ததில்லை. அரசாங்க அலுவலகத்தில் பல வருடம் பேரேடு எழுதியவன் என்ற முறையில் எனக்கு வேறொரு பதில் உண்டு. எந்தக் குதிரை என்று யோசிப்பதற்கு முன்னால், இந்தப் பணத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். "வேடிக்கைச் செலவு" என்ற தலைப்பில் எழுதினால் தாராளமாகக் கட்டலாம். "வரவு எதிர்பார்ப்பு" என்ற தலைப்பில் எழுத நினைத்தால் வாசலைக்கூட மிதிக்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் பந்தயத்தைப் பற்றி. இதன் முழுப்பெயர் பிரி த லார்க் த த்ரியோம்ப். பாரீஸ் வெற்றி வளைவின் பெயரைத் தாங்கியது. பிரான்சில் எல்லாரும் சுருக்கமாக "லார்க்" என்பார்கள். முதல் உலகப்போர் முடிந்த பிறகு, 1920ல் முதன்முதலாக ஓடியது. நடப்பது பாரீசின் மேற்கு ஓரத்தில் புலோஞ் காட்டுக்குள் இருக்கும் லோன்ஷான் மைதானத்தில். அந்த மைதானம் 1857ல், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் திறக்கப்பட்டது. இடையில் அதைப் புதுப்பித்துக் கட்டிய 2016, 2017 இரண்டு வருடமும் லார்க் ஷாந்தியி என்ற ஊரில் ஓடியது. 2018ல் மறுபடி லோன்ஷானுக்கு வந்துவிட்டது. தூரம் 2400 மீட்டர். மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகள் ஓடலாம். ஆண், பெண் இரண்டும் உண்டு, 2025 வரை விதையடித்த குதிரைக்கு இடமில்லாமல் இருந்தது. அதிகம் போனால் 20 குதிரைகள். மொத்தப் பரிசு 50 லட்சம் யூரோ. ஓடி முடிக்க ஏறக்குறைய இரண்டரை நிமிடம். நம்மூரில் அப்போது இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

அந்த இரண்டரை நிமிடத்துக்காக இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்கள் கப்பலும் விமானமும் ஏறி வருகிறார்கள். எனவே பார்க்க வேண்டிய ஒன்றுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இனி பணம் கட்டுவதைப் பார்ப்போம். பிரான்சில் பந்தயம் கட்டும் முறைக்கு "பாரி முத்துவேல்" என்று பெயர். நம்மூர்ப் பழைய ஆட்கள் இதைக் கேட்டுவிட்டு, யாரோ முத்துவேல் என்பவர் நடத்தும் பரி வியாபாரம் என்று கேலி பேசுவதுண்டு. தமிழில் பரி என்றால் குதிரை, பிரெஞ்சில் பாரி என்றால் பந்தயம். பெயர்ப் பொருத்தம் நன்றாகத்தான் அமைந்திருக்கிறது. உண்மையில் அதற்கு அர்த்தம், கட்டுகிறவர்கள் தங்களுக்குள் ஒருவரோடொருவர் கட்டும் பந்தயம் என்பது. இதைக் கொண்டுவந்தவர் ஜோசப் ஒல்லே. ஸ்பெயினில் கத்தலோனியா பக்கத்திலிருந்து வந்து பாரீசில் வளர்ந்தவர். 1860களில் இந்த முறையைத் தொடங்கினார். பிறகு 1889ல் மூலேன் ரூஜ் கேளிக்கை அரங்கத்தைத் திறந்தவர்களில் ஒருவரும் இவரே. 1891ல் பிரெஞ்சு அரசாங்கம் சட்டம் போட்டு, மைதானத்தில் தனி ஆட்கள் விலை சொல்லிப் பந்தயம் வாங்குவதைத் தடுத்து, இந்த முறைக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. 1930ல் மைதானத்துக்கு வெளியே கட்டுவதற்கு ஒரு பொது அமைப்பு ஏற்பட்டது. பே-எம்-யூ என்ற பச்சை நிறப் பலகையைக் காப்பிக் கடைகளிலும் புகையிலைக் கடைகளிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை நம்ம தெருக் கணக்கில் சொல்கிறேன். தெருவில் நூறு பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போடுகிறோம். உண்டியலில் ஆயிரம் ரூபாய். நடத்துகிறவர் முதலில் தன் செலவு, வரி, குதிரை வளர்ப்புக்கு உதவி என்று இருநூறு ரூபாயை எடுத்துவிடுகிறார். மீதி எண்ணூறு. இப்போது கருப்புக் குதிரையின் மேல் நாற்பது பேர் கட்டியிருந்து அது ஜெயித்தால், எண்ணூறை நாற்பதாகப் பிரித்து ஆளுக்கு இருபது ரூபாய். போட்டது போகக் கையில் நிற்பது பத்து. அதே வெள்ளைக் குதிரையின் மேல் நாலே பேர் கட்டியிருந்து அது ஜெயித்தால் ஆளுக்கு இருநூறு. இவ்வளவுதான் சமாசாரம்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, குதிரைகள் கிளம்புவதற்கு முன்பே இருநூறு ரூபாய் உண்டியலைவிட்டுப் போய்விட்டது. தெருவில் உள்ள நூறு பேரையும் ஒரே ஆளாக வைத்துப் பார்த்தால், எந்தக் குதிரை ஜெயித்தாலும் அவர் தோற்றவர். இருநூறு என்பது நான் கணக்குக்குச் சொன்ன எண். பிரான்சில் எல்லா விதப் பந்தயத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இப்படிப் பிடிக்கப்படுகிறது. ஒரே குதிரையின் மேல் கட்டும் எளிய பந்தயத்தில் பிடித்தம் குறைவு. மூன்று, நான்கு, ஐந்து குதிரைகளைச் சேர்த்துக் கட்டும் பந்தயத்தில் அதிகம். இரண்டாவது விஷயம், உங்களுக்கு எதிரில் இருப்பது குதிரையும் இல்லை, பே-எம்-யூவும் இல்லை. உங்களைப் போலப் பணம் கட்டிய மற்ற ஆயிரக்கணக்கான ஆட்கள்தான். நல்ல குதிரை எது என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது நல்ல குதிரை என்று மற்றவர்களுக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும். லார்க் போன்ற பந்தயத்தில் அப்படி ஒரு இரகசியம் இருக்கும் என்று நினைக்கிறீர்களா?

கூட்டத்தின் ஆசை விலையை என்ன செய்யும் என்பதற்கு 2006ஆம் வருடப் பந்தயத்தைச் சொல்லலாம். ஜப்பானிலிருந்து டீப் இம்பாக்ட் என்ற குதிரை வந்தது. அந்த நாட்டில் அது தெய்வம் மாதிரி. அதைப் பார்க்க ஆயிரக்கணக்கான ஜப்பானியர்கள் லோன்ஷானுக்கு வந்து, வரிசையில் நின்று அதன் மேல் கட்டினார்கள். பலர் அந்தச் சீட்டை ஞாபகத்துக்காகவே வாங்கினார்களாம். உண்டியலில் அந்தப் பெயருக்கே பணம் குவிந்ததால், ஜெயித்தாலும் போட்ட ஒரு யூரோவுக்கு அரை யூரோகூட லாபம் தேறுமா என்ற நிலை வந்துவிட்டது. எதிரே ஓடியவையோ உலகத்தின் சிறந்த குதிரைகள். கடைசியில் ரெயில் லிங்க் என்ற மூன்று வயதுக் குதிரை ஜெயித்தது. டீப் இம்பாக்ட் மூன்றாவதாக வந்தது. பிறகு மருந்துச் சோதனையில் சிக்கி அந்த இடமும் பறிபோனது. ஜப்பானியர்கள் ஆசையை விடவில்லை. வருடா வருடம் வருகிறார்கள். 2025 வரை அவர்களுடைய குதிரை ஒன்றும் லார்க்கை ஜெயித்ததில்லை. ஆனாலும் அந்தச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்திய ஜப்பானியரை நான் ஏமாந்தவர் என்று சொல்ல மாட்டேன். அவர் சரியான கணக்குத் தலைப்பில் எழுதியவர்.

கூட்டம் கைவிட்ட குதிரை ஜெயித்த கதையும் உண்டு. த்ரேவ் என்ற பெண் குதிரை 2013ல் மிகச் சுலபமாக ஜெயித்தது. மறுவருடம் அது ஓடிய மூன்று பந்தயத்திலும் தோற்றது. காலிலும் முதுகிலும் வலி என்று செய்தி. அதன் காலம் முடிந்தது என்று பலரும் ஒதுக்கிவிட்டார்கள். அதை வளர்த்துப் பழக்கிய கிரிக்கேத் ஹெட் அம்மையார் மட்டும் விடவில்லை. 2014 அக்டோபரில் அது மறுபடியும் லார்க்கை ஜெயித்தது. எனேபிள் என்ற இங்கிலாந்துப் பெண் குதிரையின் கதை இதற்கு நேர் எதிர். 2017லும் 2018லும் ஜெயித்து, 2019ல் மூன்றாம் முறையும் ஜெயித்துச் சரித்திரம் படைக்கும் என்று எல்லாரும் கட்டினார்கள். கடைசி நேரத்தில் வால்ட்கைஸ்ட் என்ற குதிரை பின்னாலிருந்து வந்து முந்திக்கொண்டது. 2021ல் ஜெர்மனியிலிருந்து வந்த டோர்க்வாட்டர் தாசோ ஜெயித்தபோது, அதன் மேல் கட்டியவர்களுக்கு எழுபது மடங்குக்கு மேல் கிடைத்தது. 1975ல் ஸ்டார் அப்பீல் ஜெயித்தபோது 119 மடங்கு.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் யாரும் கட்டாத குதிரையின் மேல் கட்டினால் போயிற்று" என்று கிளம்பிவிடாதீர்கள். 1975க்கும் 2021க்கும் நடுவில் எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். யாரும் சீண்டாத குதிரை பெரும்பாலான வருடம் யாரும் சீண்டாத இடத்தில்தான் வந்து நிற்கும்.

சரி, வேடிக்கைச் செலவு என்ற தலைப்பிலேயே எழுதுவதாக முடிவு செய்துவிட்டீர்கள். அதிலும் கொஞ்சம் விவரம் தெரிந்து கட்டினால்தான் வேடிக்கை முழுமையாகும். இசை தெரியாமல் கச்சேரிக்குப் போவதற்கும் ராகம் கொஞ்சம் பிடிபட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இசை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. பந்தயப் பத்திரிகையில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு வரி இருக்கும். அதற்குப் பிரெஞ்சில் "மியூசிக்" என்றே பெயர். ஒன்று, பே, மூன்று, பே, இரண்டு, பே என்று இருந்தால், கடைசியாக ஓடிய பந்தயத்தில் முதலிடம், அதற்கு முன் மூன்றாமிடம், அதற்கும் முன் இரண்டாமிடம் என்று அர்த்தம். பே என்ற எழுத்து, தடை தாண்டாமல் சமதரையில் ஓடிய பந்தயம் என்பதைக் காட்டும். இடப்பக்கம் இருப்பதுதான் மிகச் சமீபத்தியது. இதைப் படிக்கத் தெரிந்துகொண்டாலே பக்கத்தில் நிற்கும் பேரன் அசந்துபோவான்.

அடுத்தது செப்டம்பர் பந்தயங்கள். லார்க்குக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னால், அதே லோன்ஷானில் அதே 2400 மீட்டரில் மூன்று ஒத்திகைப் பந்தயங்கள் ஓடும். பிரி நியேல் மூன்று வயதுக் குதிரைகளுக்கு. பிரி ஃபுவா நாலு வயதும் அதற்கு மேலும் ஆனவற்றுக்கு. பிரி வெர்மேய் பெண் குதிரைகளுக்கு. இவற்றில் எது எப்படி ஓடியது என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.

மூன்றாவது எடை. நாலு வயதுக்கு மேற்பட்ட ஆண் குதிரை 59.5 கிலோ சுமக்க வேண்டும். மூன்று வயது ஆண் குதிரைக்கு 56.5 கிலோ. பெண் குதிரைக்கு அந்தந்த வயதில் ஒன்றரைக் கிலோ சலுகை. அதாவது மூன்று வயதுப் பெண் குதிரை 55 கிலோவோடு ஓடுகிறது. இந்தச் சலுகை எவ்வளவு உதவுகிறது என்பதைப் பற்றிப் பிரான்சில் ஓயாத வாக்குவாதம் உண்டு. 2011 முதல் 2024 வரை நடந்த 14 பந்தயங்களில் ஒன்பதைப் பெண் குதிரைகள் ஜெயித்திருக்கின்றன என்பது மட்டும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

நாலாவது தரை. அக்டோபரில் பாரீசில் மழை சகஜம். ஈரத்தில் ஊறிய புல்தரையில் கால் புதையும். காய்ந்த தரையில் பறக்கும் குதிரை அங்கே திணறும், சேற்றில் பழகிய குதிரை முன்னே வரும். டோர்க்வாட்டர் தாசோ ஜெயித்த அன்றும் தரை நன்றாக நனைந்து கனத்திருந்தது. ஐந்தாவது, கிளம்பும் இடம். குதிரைகள் எந்த எண் கூண்டிலிருந்து கிளம்பும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். வெளிப்பக்கக் கூண்டு கிடைத்த குதிரை வளைவில் அதிக தூரம் சுற்ற வேண்டி வரும். லோன்ஷான் பாதை வலப்பக்கமாக வளைவது. முதலில் பத்து மீட்டர் அளவுக்கு ஏற்றம், பிறகு இறக்கம், அதன்பின் "பொய் நேர்கோடு" என்று அழைக்கும் ஒரு துண்டு. அதை முடிவுக் கோட்டுக்கான நேர்பாதை என்று நினைத்து அவசரப்பட்டு விரட்டிய சவாரிக்காரர், உண்மையான நேர்பாதை வரும்போது குதிரையின் மூச்சு தீர்ந்து நிற்பதைக் காண்பார்.

இத்தனையும் தெரிந்துகொண்டால் ஜெயித்துவிடலாமா என்றால், இல்லை. நான் சொன்ன ஐந்தும் பத்திரிகையில் அச்சாகியிருப்பவை. நீங்கள் படித்ததை எல்லாரும் படித்திருக்கிறார்கள், அதற்கேற்பக் கட்டியும் இருக்கிறார்கள். ஆகவே இந்த அறிவு விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. இதனால் கிடைக்கும் லாபம், அந்த இரண்டரை நிமிடம் என்ன நடக்கிறது என்று புரிந்து பார்ப்பதுதான். அது சின்ன லாபம் இல்லை.

எந்த விதப் பந்தயம் கட்டுவது? புதியவருக்கு இரண்டே போதும். ஒன்று "சேம்ப்ளு கான்யான்". நீங்கள் சொன்ன குதிரை முதலாவதாக வர வேண்டும். இன்னொன்று "சேம்ப்ளு பிளாசே". எட்டு குதிரைகளுக்குக் குறையாமல் ஓடினால், உங்கள் குதிரை முதல் மூன்றுக்குள் வந்தால் போதும். கிடைப்பது குறைவு, ஆனால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பலகையில் 7.40 என்று போட்டிருந்தால், நீங்கள் போட்ட ஒரு யூரோவையும் சேர்த்து ஏழு யூரோ நாற்பது காசு திரும்ப வரும் என்று பொருள். கட்டிய நேரத்தில் பலகையில் பார்த்த எண் கடைசி எண் அல்ல. கூண்டு திறக்கும் வரை பணம் சேரச் சேர அது மாறிக்கொண்டே இருக்கும்.

வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது தியர்சேயைத்தான். முதல் மூன்று குதிரைகளை வரிசையோடு சொல்ல வேண்டிய பந்தயம் அது. ஆந்திரே காரூஸ் என்பவர் 1954 ஜனவரியில் தொடங்கிவைத்தது. நம்மூரில் கொடி மாறியதும் அதே வருடம் நவம்பரில்தான். அதற்குப் பிறகு நாலு குதிரை சொல்லும் கார்த்தே 1976லும், ஐந்து சொல்லும் கேன்தே 1989லும் வந்தன. கொஞ்சம் காசு போட்டால் பெரிய தொகை வரலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. கணக்கைப் பார்ப்போம். 20 குதிரைகள் ஓடினால், முதலிடத்துக்கு 20 வழி, இரண்டாமிடத்துக்கு 19, மூன்றாமிடத்துக்கு 18. பெருக்கினால் 6840. இத்தனை வரிசைகளில் ஒன்றை நீங்கள் சொல்ல வேண்டும். எல்லாக் குதிரைக்கும் ஒரே அளவு வாய்ப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் கடலில் ஊசி தேடுவது போன்றதுதான். மேலே சொன்னபடி பிடித்தமும் இதில்தான் அதிகம்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பெரியவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பாரீசுக்கு வெளியே பிள்ளைகளோடு இருந்தவர். குடி கிடையாது, புகை கிடையாது. ஞாயிறு பூசை முடிந்ததும் காப்பிக் கடையில் தியர்சே கட்டுவது மட்டும் வழக்கம். எப்போதோ பிராங்க் காலத்தில் ஒரு தடவை நல்ல தொகை விழுந்திருக்கிறது. அந்தக் கதையை ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வார். அவர் காலமான பிறகு, விதவைப் பென்ஷனுக்கு எழுதுவதற்காக அந்த அம்மாள் காகிதங்களையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றோடு ஒரு நோட்டும் இருந்தது. தேதி, குதிரைகளின் பெயர், கிடைத்த தொகை எல்லாம் அழகான கையெழுத்தில். பத்துப் பன்னிரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. நான் புரட்டிப் பார்த்துவிட்டு, "போட்டதை எழுதிய நோட்டு எங்கே அம்மா?" என்று கேட்டேன். "அவர் வந்ததை மட்டும்தான் எழுதுவார்" என்றார்கள். பிறகு சற்றுப் பொறுத்து, "வாரத்துக்குப் பத்து யூரோ நான்தான் எடுத்துக் கொடுப்பேன்" என்றார்கள்.

வாரம் பத்து என்றால் வருடத்துக்கு 520. இருபது வருடத்துக்கு 10,400 யூரோ. நோட்டில் இருந்த வரவைக் கூட்டினால் அதில் பாதிகூட வரவில்லை. நான் அதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அந்தப் பெரியவர் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரச் சந்தோஷத்துக்குப் பத்து யூரோ பெரிய குற்றமும் அல்ல. என் வருத்தம் ஒன்றுதான். அவர் அதைச் செலவு என்று ஒரு நாளும் எழுதவில்லை. எழுதியிருந்தால், ஒரு வருடப் பணத்தை எடுத்து அந்த அம்மாளை லூர்து மாதா கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கலாமே என்று ஒரு தடவையாவது யோசித்திருப்பார். அவர்கள் கடைசி வரை லூர்துக்குப் போகவில்லை.

இதனால்தான் கணக்குத் தலைப்பு முக்கியம் என்கிறேன். முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான்.

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தொகையை முடிவு செய்யுங்கள். இருபது யூரோ என்று வைத்துக்கொள்வோம். அது திரும்ப வராது என்று அப்போதே நோட்டில் செலவாக எழுதிவிடுங்கள். வந்தால் அது தனி வரவு. ரொக்கமாக எடுத்துப் போங்கள், வங்கி அட்டையைக் கொடுக்க வேண்டாம். அன்று லார்க்கைத் தவிர வேறு பந்தயங்களும் ஓடும். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு யூரோ என்று கட்டிவிட்டு லார்க் வரும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டாம். ஒரே குதிரையைத் தேர்ந்தெடுங்கள். அணிவகுப்பு வட்டத்தில் குதிரைகளை நடத்திக் காட்டுவார்கள். போய்ப் பாருங்கள். காது எப்படி நிற்கிறது, நடை எப்படி இருக்கிறது, வியர்த்து நுரை தள்ளுகிறதா என்று பார்த்துப் பிடித்ததைச் சொல்லுங்கள். பெயர் பிடித்திருக்கிறது என்று கட்டினாலும் பாவம் இல்லை.

தோற்றதை அடுத்த பந்தயத்தில் எடுத்துவிடலாம் என்று தொகையைக் கூட்டாதீர்கள். குடும்பங்கள் அழிந்தது முதல் சீட்டால் அல்ல, விட்டதைப் பிடிக்க வாங்கிய இரண்டாவது சீட்டால்தான். காசு வாங்கிக்கொண்டு "உறுதியான குதிரை" சொல்பவரை நம்பாதீர்கள். உறுதியாகத் தெரிந்தவர் உங்களிடம் பத்து யூரோ வாங்க வரமாட்டார். இங்கே புதுச்சேரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கைபேசியில் வரும் விளம்பரத்தை அழுத்தி, ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு தளத்தில் வங்கி எண்ணைக் கொடுக்க வேண்டாம். தொலைக்காட்சியிலோ கணினியிலோ பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் அவர்கள் கையில் சீட்டைக் கொடுத்து வாங்கச் சொல்லாதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பிரான்சில் அனுமதியும் இல்லை.

"எப்படிச் சொன்னாலும் சூது சூதுதானே? தருமன் நாட்டையும் தம்பிகளையும் பெண்டாட்டியையும் வைத்தது தெரியாதா?" என்று சில அன்பர்கள் கேட்பார்கள். தெரியும். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் என்பதும் தெரியும். தருமனின் தவறு ஒரு தடவை ஆடியதில் இல்லை என்பது என் எண்ணம். எங்கே நிறுத்துவது என்று உட்காரும் முன் முடிவு செய்யாததில் இருக்கிறது. வேறு சிலர், "குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996ல் உச்ச நீதிமன்றமே சென்னை கிண்டி பந்தய வழக்கில் சொல்லிவிட்டதே" என்பார்கள். சொன்னது உண்மை. குதிரையை வளர்ப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் கணித்துக் கட்டுபவருக்கும் திறமை வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் திறமைசாலி கட்டினாலும் உண்டியலில் பிடித்தம் பிடித்தம்தான். நீதிமன்றத் தீர்ப்பு அந்த நாலில் ஒரு பங்கைத் திருப்பித் தராது.

ஒரு பரிசோதனை சொல்கிறேன். பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், போட்ட தொகையையும் வந்த தொகையையும் வீட்டுக்காரம்மாவிடமோ மகளிடமோ தயங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடிந்தால் நீங்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அடுத்த வருடமும் போகலாம். வந்ததை மட்டும் சொல்லிப் போட்டதை விழுங்கத் தோன்றினால், அந்த இருபது யூரோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்படி நிறுத்தியவர்களுக்கும் லோன்ஷானில் குதிரைகளைப் பார்க்கத் தடை ஏதும் இல்லை.